ஒருத்தி எழுதிய நூறு வீதம்

கல்வி அலுவலகங்களுக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாரே, சுற்றுநிருபங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவை என் உதவியில்லாமலே உங்கள் மேசைகளுக்கு வந்து சேரும். ஒன்றைப் புரிந்துகொள்வதற்குள் அதை இரத்துச் செய்யும் மற்றொன்றும் வந்துவிடும். நான் சொல்ல வந்தது வீதத்தைப் பற்றி. நூற்றுக்கு இத்தனை என்று எழுதுகிறோமே, அந்த வீதம். ஓய்வு பெறும்வரை நான் அதனோடுதான் குடும்பம் நடத்தினேன். என் மனைவி இதை வாசித்தால் மறுக்கமாட்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் தமிழ்மொழிப் பாடசாலைகளைக் கவனிக்கும் எங்கள் பிரிவு மிகச் சிறியது. வெள்ளவத்தையில் தொடங்கிக் கொட்டாஞ்சேனையில் முடியும். இடையில் முழுக் கொழும்பும் கிடந்தாலும் அதில் பெரும்பகுதிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. வெள்ளவத்தைப் பக்கத்துப் பாடசாலைகள் நிரம்பி வழிந்தன. அங்கே ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்குப் பிறப்புச் சான்றிதழ், வதிவிடச் சான்றிதழ், பொலிஸ் பதிவு என்று பெற்றோர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வருவார்கள். சில நேரங்களில் பிள்ளையைக் கூட்டிவர மறந்துவிடுவார்கள். அதை யாரும் கவனிப்பதுமில்லை.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்த பாடசாலைக்குப் பிள்ளையை மட்டும் கொண்டுவந்தால் போதும். அதன் அதிபர் அருளம்பலம் ரீச்சர், யாழ்ப்பாணத்துப் பெண்மணி. வயதிலும் குரலிலும் என்னைவிட மூத்தவர். அலுவலகக் கூட்டங்களில் என்னைச் 'சேர்' என்பார், கோபம் வந்தால் 'தம்பி' என்பார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“பிள்ளை கண்ணுக்கு முன்னால நிக்குது. பிறந்ததுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும், தம்பி?” என்றார்.

இதற்குப் பதில் சொல்லக்கூடிய பிரிவு எந்தச் சுற்றுநிருபத்திலும் இருக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தப் பாடசாலையின் மாணவர் தொகை ஒரு விசித்திரமான பிராணி. ஜிந்துப்பிட்டிப் பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், கடைகளில் வேலை பார்த்த மலையகத்தவரின் பிள்ளைகளும், அடுத்த ஒழுங்கையிலிருந்து சில முஸ்லிம் பிள்ளைகளும் நிலையாக இருந்தார்கள். மிச்சப் பேர் காத்திருப்பவர்கள். வடக்கிலிருந்து வந்து, லொட்ஜ் அறைகளில் தங்கி, வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்காரனின் அழைப்பை எதிர்பார்த்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஏதாவதொரு தூதரகம் மனமிரங்கினால் ஆறாம் வகுப்பில் பாதி காலியாகும். வடக்கில் பாதை திறந்தால் எட்டாம் வகுப்பு வீங்கும். அடுத்த ஐந்தாண்டுகளுக்கான மாணவர் தொகை மதிப்பீட்டை எங்கள் பணிப்பாளர் கேட்டபோது, அது தூதரகங்களின் மனநிலையைப் பொறுத்தது என்று உண்மையை எழுதி அனுப்பினேன். 'தயவுசெய்து எண்களில் தரவும்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

பணிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், சிங்களவர். தமிழில் 'வணக்கம்', 'நல்லது', 'தோசை' ஆகிய மூன்று சொற்கள் அவருக்குத் தெரியும். அவற்றைக் கொண்டே எங்கள் அதிபர்கள் கூட்டங்களை ஓரளவு சமாளிப்பார். வரைபடங்களில் அவருக்குத் தீராத காதல். அவருடைய அறையின் ஒரு சுவர் முழுவதும் கட்டத்தாள் ஒட்டி, ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தூண் வரைந்து, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சையில் சித்தியடைந்தவர்களின் வீதத்தை வர்ணப் பென்சிலால் தானே நிறம் தீட்டுவார். அந்த நேரத்தில் யாரும் அவரைக் குழப்பக் கூடாது. அமைச்சிலிருந்து தொலைபேசி வந்தாலும் நீலம் முடிந்த பிறகுதான் எடுப்பார்.

ஒரு வருடம் கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் ஓ.எல். எழுதுவதற்கு ஒரேயொரு மாணவன்தான் மிஞ்சினான். மற்றவர்கள் எல்லோரும் புறப்பட்டுப் போய்விட்டார்கள். அவனுடைய தகப்பனை மட்டும் ஏஜென்சிக்காரன் ஏமாற்றிவிட்டான். போக்கிடமில்லாத கோபத்தில் படித்த அந்தப் பெடியன் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தான்.

பணிப்பாளர் தூணுக்கு நிறம் தீட்டத் தொடங்கினார். அது பிரபலமான பாடசாலைகளின் தூண்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்த் தாளின் உச்சியில் முட்டி நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

எழுதியது ஒருவன்தான் என்று பணிவோடு சொன்னேன். யாராவது தோற்றார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நூறு வீதம்தானே என்றார். கணிதப்படி அவர் பக்கம் முழு நியாயமும் இருந்தது. இப்படிப்பட்ட நியாயங்களை உத்தியோகத்தில் நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள். எதிர்த்துப் பேசாதீர்கள். போய் ஒரு பிளேன்ரீ குடியுங்கள்.

நூறு வீதம் தனியாக வருவதில்லை, பின்னால் பரிவாரத்தோடு வரும். முதலில் ஓர் ஆய்வுகூடம் வந்தது. அதுவரை அந்தப் பாடசாலைக்குத் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் கிடைத்த நிதியில் ஒரு வருடம் பந்து வாங்கினால், காற்றடிக்கும் பம்பு அடுத்த வருடம்தான். இப்போது மேசை, தண்ணீர்க் குழாய், கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் வந்து இறங்கின. விஞ்ஞான ஆசிரியர் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் மதியம் சாப்பிட்டுவிட்டு அந்தக் குழாய்களில் கை கழுவினார்கள். கொழும்பிலேயே அவ்வளவு விஞ்ஞானபூர்வமாகக் கை கழுவிய பிள்ளைகள் வேறெங்கும் இல்லை.

அதே மாதத்தில் வேறொரு சுற்றுநிருபமும் வந்தது. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை அருகிலுள்ள பெரிய பாடசாலையோடு இணைத்துவிட்டு மூட வேண்டும் என்பது அதன் சாரம். கொட்டாஞ்சேனைப் பாடசாலை அதில் அடங்கியது. ஆக, என் மேசையின் இடப்பக்கக் கோப்பின்படி அது முன்மாதிரிப் பாடசாலை. வலப்பக்கக் கோப்பின்படி அது இருக்கவே கூடாது. இரண்டையும் தயாரித்தவன் நான். இரண்டுமே நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தன.

பணிப்பாளர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற வருடமும் நூறு வீதம் வந்தால், விலக்களிக்கும்படி அமைச்சுக்குத் தானே எழுதுவார். வராவிட்டால் இணைப்பு.

இணைப்பு என்பது கோப்பில் இரண்டு பந்தி எழுத்து. ஒழுங்கையில் அதன் பொருள் வேறு. பெரிய பாடசாலை காகிதம் கேட்கும். காகிதம் இல்லாத பிள்ளைகள் அந்தக் கேற்றைத் தாண்டமாட்டார்கள். அடுத்த வருடம் எத்தனை பேர் எழுதுவார்கள் என்று ரீச்சரிடம் கேட்டேன்.

“இண்டைக்கு மூண்டு பேர். மார்கழிக்கு எத்தினை எண்டு நீங்கள் ஏஜென்சிக்காரரைத்தான் கேக்கவேணும், சேர்” என்றார்.

மார்கழி நெருங்குவதற்குள் ஒருவன் சுவிஸ் போனான். ஒருத்தி சித்தப்பாவோடு கனடா போனாள். எஞ்சியவள் தர்மினி. பக்கத்து லொட்ஜில் தாயோடு தங்கியிருந்த மெலிந்த பெட்டை. வடக்கில் இடம்பெயர்ந்தபோது அவளுடைய பிறப்புச் சான்றிதழ் எங்கேயோ தொலைந்துவிட்டது. ரீச்சர்தான் படத்தில் கையெழுத்துப் போட்டு, இவள் இவள்தான் என்று பரீட்சைக்கு உறுதிப்படுத்தியிருந்தார்.

அவள் மட்டும் மிஞ்சிய நாளிலிருந்து ஒரு முழுப் பாடசாலையும் ஒரு பிள்ளையைப் படிப்பித்தது. வரலாற்று ஆசிரியர் அவளுடைய புத்தகப் பையைச் சுமந்தார். அவள் இருமினால் ஆசிரியர் அறையில் கொத்தமல்லி கொதித்தது. வலைப்பந்து விளையாட ரீச்சர் தடைவிதித்தார், வலது கைக்கு ஏதும் நடந்துவிடும் என்று. றோட்டைக் கடப்பதற்குக்கூட இரண்டு ஆசிரியைகள் இருபக்கமும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் இந்த ஊர்வலத்தை நான் எதிரே கண்டேன்.

“சேர், நான் சோதனை எழுதப் போறனோ, கலியாணம் கட்டப் போறனோ?” என்று தர்மினி கேட்டாள்.

அவளுக்குப் பிரச்சினை கணக்குப் பாடம். பாடசாலையில் கணக்கு ஆசிரியர் இல்லாததால் சித்திரம் படிப்பித்தவர் கேத்திரகணிதத்தைப் பொறுப்பெடுத்திருந்தார். தர்மினியின் வட்டங்கள் மிக அழகானவை. அவற்றின் பரப்பளவுதான் யாருக்கும் தெரியாது. நிகழ்தகவு என்றால் அவளுக்கு அறவே விளங்கவில்லை என்று சித்திர ஆசிரியர் என்னிடம் தனியாகக் கவலைப்பட்டார். சிவப்புப் பந்து எடுப்பதற்கான வாய்ப்பு என்ன என்று கேட்டால், பந்து யாருடைய பையில் இருக்கிறது, அவன் ஆள் எப்படி என்று திருப்பிக் கேட்கிறாளாம்.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கையில் ரீச்சர் என்னை அவசரமாக அழைத்தார். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போனேன். ஆய்வுகூடத்தில் ரீச்சரும் தர்மினியும் தாயும் இருந்தார்கள். விஷயம் இதுதான். ஏஜென்சிக்காரன் ரிக்கற் போட்டுவிட்டான். விமானம் கணக்குப் பரீட்சை நடக்கிற அன்றைக்கு விடியற்காலை. இதற்கு முன் இரண்டு தடவை இதே ஆள் அனுப்பி, எயார்போர்ட்டிலிருந்தே திரும்பி வந்தவர்கள். இந்த முறை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறான். முன்னைய இரண்டு முறையும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

தாயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. “லொட்ஜில ஒவ்வொரு கிழமையும் ஆமியின்ர செக்கிங். குமர்ப்பிள்ளையை எழுப்பி வரிசையில நிப்பாட்டுறாங்கள். நான் சேர்டிபிக்கற்றைப் பாக்கிறதோ, பிள்ளையைப் பாக்கிறதோ?” என்றார்.

எனக்கோ நடைமுறைகள் அத்தனையும் தலைகீழாகப் பாடம். அவள் பாதிப் பாடங்களை எழுதிவிட்டுப் போனால், எழுதியவர் ஒருவர், சித்தியடைந்தவர் பூச்சியம், ஆகவே பூச்சிய வீதம். பாடசாலைக்கு மூடுவிழா. ஆனால் ஒரு பாடத்தையும் எழுதாவிட்டால், எழுதியவரும் பூச்சியம். பெறுபேறே இல்லை. பணிப்பாளரின் சுவரில் தூணுக்குப் பதிலாக வெறும் கட்டம். வெறும் கட்டத்தை வைத்துக்கொண்டு பாடசாலையை மூட முடியாது, குறைந்தபட்சம் ஒரு வருடத்துக்கு நான் கடிதம் எழுதி இழுத்தடிக்கலாம். ஆகவே பிள்ளை எதையுமே எழுதாமல் விமானம் ஏறுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று விளக்கினேன். மாசுமறுவற்ற யோசனை. இன்றைக்கும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, படிச்ச பிள்ளையைச் சோதனை எழுத விடாட்டா பள்ளிக்கூடம் பாஸோ?”

“பாஸ் இல்லை ரீச்சர். ஆனா பெயிலும் இல்லை.”

“அப்ப என்ன?”

“பூச்சியத்தைப் பூச்சியத்தால வகுத்தா விடை இல்லை.”

“விடை இல்லாத கணக்கைச் சொல்லுறதுக்கோ நீர் வெள்ளவத்தையில இருந்து ஓட்டோ பிடிச்சு வந்தனீர்?”

தர்மினி மேசையிலிருந்த குழாயைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். “நான் எழுதுவன் சேர்” என்றாள். “போற நாள் வரைக்கும் எழுதுவன். படிச்சதை என்ன செய்யிறது? பிளேனுக்கை கொண்டு போனாலும் பாரம்தானே.”

“எழுதட்டும்” என்றார் ரீச்சர். “போகவேணுமெண்டால் போகட்டும். பள்ளிக்கூடத்தைப் பிறகு பாப்பம்.”

பிறகு பார்ப்பதற்கு எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வலப்பக்கக் கோப்பை மறுநாள் திறந்து, இணைப்புக் கடிதத்தில் திகதிக்கான இடத்தை மட்டும் விட்டு மிச்சத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்தேன்.

தர்மினி முதல் சில பாடங்களை எழுதினாள். கணக்குப் பரீட்சை நாள் வந்தது. பரீட்சை நிலையங்களைப் பார்வையிடுவது என் கடமையாதலால் காலையில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அன்று ஏதோ தேடுதல் காரணமாகச் சந்தியோடு வாகனங்களை மறித்து, எல்லோரையும் இறக்கிச் சோதித்து நடக்க விட்டுக்கொண்டிருந்தார்கள். காவலரணுக்கு இப்பால் அருளம்பலம் ரீச்சர் குடையோடு நின்றார். மறுகையில் கூராகச் சீவிய பென்சில்களும் கவராயமும் கொண்ட பெட்டி.

“ஏன் ரீச்சர் வந்தனீங்கள்? எழுதுறதுக்கு ஒருத்தரும் இல்லையே.”

“பழகிப்போச்சு” என்றார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது எயார்போர்ட் பாதையில், வத்தளைப் பக்கமிருந்து ஒரு வான் வந்து வீதித் தடையில் நின்றது. கதவு திறந்து முதலில் தர்மினியின் தாய் இறங்கினார், அழுது வீங்கிய முகத்தோடு. அவருக்குப் பின்னால் ஒரு கோட் இறங்கியது.

கோட் என்றால் கறுப்பு நிறம், முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், கழுத்தைச் சுற்றி ரோமம். நாடியில் இருந்து அடிவரை இழுத்துப் பூட்டிய சிப். கொட்டாஞ்சேனை வெயிலில் அப்படி ஒன்று அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை. உச்சியில் சிறியதொரு முகம் வியர்வையில் மினுங்கியது. அது எங்களைக் கண்டுவிட்டு வேகமாக நடக்கத் தொடங்கியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது. அந்தக் காலத்துக் கொழும்பில் தடித்த சட்டையை இறுக்கப் பூட்டிக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் காவலரணை நோக்கி விரைந்து வந்தால், காவலரணில் நிற்பவர்கள் குளிர்காலத்தைப் பற்றி யோசிக்கமாட்டார்கள். துவக்குகள் உயர்ந்தன. சார்ஜன்ற் கத்தினார். சந்தியிலிருந்த ஒரு கடையின் கதவு சடசடவென்று கீழே இறங்கியது. வரிசையில் நின்ற சனம் ஒரே அடியாகப் பின்வாங்கியது.

தர்மினி நின்றாள். இரண்டு கைகளையும் உயர்த்தினாள். உயர்த்தியபடியே, “சேர், கணக்குப் பேப்பர் துடங்கீட்டுதோ?” என்று என்னிடம் கேட்டாள்.

துவக்குகளில் ஒன்று என் பக்கம் திரும்பியது. இவளைத் தெரியுமா என்று சார்ஜன்ற் சிங்களத்தில் கேட்டார்.

தம்பி, தங்கச்சிமாரே, எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம் என்ன? நேரில் பார்த்து உறுதிசெய்யாத எதற்கும் பொறுப்பெடுக்காதே. அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அது அவளுடைய கோட் என்பதுகூட எனக்குத் தெரியாது. என் பையில் அரசாங்க அடையாள அட்டை இருந்தது. அதில் என் பெயரும் தமிழில்தான் இருந்தது. நடைமுறைப்படி நான் சொல்லியிருக்க வேண்டியது, 'இவரை ஒரு பரீட்சார்த்தியாக ஓரளவு அறிவேன்' என்பதாகும். அதைச் சிங்களத்தில் அழகாகச் சொல்லவும் எனக்கு வரும். அப்படிச் சொல்லியிருந்தால் அவளை வாகனத்தில் ஏற்றி விசாரணைக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

“தெரியும்” என்றேன். “இவர்தான் எங்கள் ஓ.எல். வகுப்பு.”

“வகுப்பில் ஒருத்தியா?”

“இல்லை, மஹத்தயா. வகுப்பே இவர்தான்.”

“மிச்சப் பேர் எங்கே?”

“கனடாவில்” என்றேன். சுவிசையும் சேர்த்திருக்கலாம், விளக்கம் நீண்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

சார்ஜன்ற் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றச் சொன்னார். தர்மினி ஒரு கையை மெல்ல இறக்கிச் சிப்பை இழுத்தாள். அது அசையவில்லை. மறுபடி இழுத்தாள். ரோமத்தைக் கவ்விக்கொண்டு இறுகிவிட்டது.

தேநீர்க் கடையிலிருந்து ஒரு பொலிஸ் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் வாயில் பாதிப் பணிஸோடு ஓடிவந்தார். யாரையும் கேட்காமல் ரீச்சரும் குடையை என்னிடம் திணித்துவிட்டு நேரே போனார். அவரை நிற்கச் சொல்லிச் சார்ஜன்ற் கையை உயர்த்தினார். முப்பது வருடமாக வகுப்பறைகளில் கை உயர்த்தியவர்களை இருத்தி வைத்த பெண்மணி அவர். சார்ஜன்ற் கையை இறக்கிக்கொண்டார். ரீச்சர் ஒரு பக்கமும் பொலிஸ் பெண் மறுபக்கமுமாகக் கோட்டைத் தலைவழியே உருவினார்கள்.

உள்ளே ஒரு கம்பளிச் சட்டை. அதை உருவினால் இன்னொரு கம்பளிச் சட்டை. அதற்குள் வெளிநாட்டில் இருந்த தமையனுக்கு என்று தாய் கொடுத்துவிட்ட, கையில்லாத மூன்றாவது ஒன்று. பெட்டி பாரம் கூடிவிட்டதால் மிச்சத்தை உடம்பில் போட்டுக்கொண்டு போகச் சொன்னாராம். உருவிய ஒவ்வொன்றையும் ரீச்சர் என் தோளில் போட்டார். இலங்கைக் கல்வி நிருவாக சேவையின் ஓர் உத்தியோகத்தர் கொட்டாஞ்சேனைச் சந்தியில் உடுப்புக் கொடியாக நின்றேன். துவக்கு வைத்திருந்த ஒரு சிப்பாய் எண்ணத் தொடங்கிவிட்டான்.

கடைசியாகத் தெரிந்தது வெள்ளைச் சீருடை. கழுத்துப் பட்டி ஒழுங்காகக் கட்டியிருந்தது.

வெளிநாடு போகிறவள் ஏன் பள்ளிச் சீருடையை உள்ளே போட்டிருக்கிறாள் என்று பொலிஸ் பெண் கேட்டார். நான் தமிழில் திருப்பிக் கேட்டேன்.

“இந்த ஏஜென்சி ஆள் ரெண்டு தரம் அனுப்பி ரெண்டு தரமும் திரும்பி வந்தனாங்கள். மூண்டாந்தரமும் திரும்புறதுக்குத்தான் சாத்தியம் கூட எண்டு கணக்குப் பாத்தனான். திரும்பினா நேர சோதனைக்கு வரலாம்தானே, சேர்.”

“எடியே, அதுதான் எயார்போர்ட்டில அப்பிடி வேர்த்துக் கொட்டினதோ?” என்று தாய் கேட்டார். “அந்த ஒஃபீசர் வேர்வையைப் பாத்துத்தானே பிடிச்சவன்.”

“இல்லையம்மா. புருசன்ர பேரைக் கேட்டவன். எனக்கு மறந்துபோச்சு.”

ஏஜென்சிக்காரன் கொடுத்த கடவுச்சீட்டின்படி அவள் கலியாணமான பெண். இரவு முழுவதும் சூத்திரங்களைப் பாடமாக்கியதில் கணவர் விடுபட்டுப்போனார்.

கணவரைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் சார்ஜன்றுக்கு மொழிபெயர்த்தேன். எதை மொழிபெயர்க்கக் கூடாது என்பதும் உத்தியோகத்தில் ஒரு தகுதி. அவர் சீருடையைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதன்முறையாகச் சிரித்தார். “கணக்கில் இவள் பாஸ்” என்று சொல்லிவிட்டு, விசிலை ஊதி, மறித்திருந்த பாதையில் ஓர் ஓட்டோவை உள்ளே விடச் செய்தார்.

பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் நேரமாகிவிட்டது என்று மறுத்தார். தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் வருபவரை அனுமதிக்கலாம் என்ற விதியை, இலக்கத்தோடும் உபபிரிவோடும், மூச்சு வாங்காமல் ஒப்புவித்தேன். தோளில் கோட்டும் மூன்று கம்பளிச் சட்டைகளுமாக ஒருவன் விதி சொல்வதைக் கேட்டு அவர் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ரீச்சர் பென்சில் பெட்டியை நீட்டினார். தர்மினி உள்ளே போனாள்.

பெறுபேறு வந்தது. எல்லாப் பாடங்களும் சித்தி. கணக்கில் மயிரிழையில் தப்பிய சாதாரண சித்தி. நிகழ்தகவுக் கேள்வியை முழுதாகச் செய்திருந்ததாகச் சித்திர ஆசிரியரிடம் சொன்னாளாம். பணிப்பாளரின் தூண் மறுபடியும் உச்சியில் முட்டியது. இந்த முறை அதன் தலையில் ஒரு வெள்ளி நட்சத்திரமும் ஒட்டினார். விலக்களிக்கும் கடிதத்தைச் சொன்னபடியே எழுதினார். திகதி இல்லாத என் கடிதம் கோப்பிலேயே கிடந்தது.

அமைச்சிலிருந்து ஒரு குழு முன்மாதிரிப் பாடசாலையைப் பார்க்க வந்தது. கூடவே நிதியுதவி செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர். ஆய்வுகூடச் சுவரில் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். குளிர் சம்பந்தமான பரிசோதனைகளுக்கு என்று ரீச்சர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பரீட்சை நாளன்று நான் கொண்டுபோய் அங்கே தொங்கவிட்டது அது. பிறகு தர்மினி தமையனின் அழைப்பில், தன்னுடைய சொந்தப் பெயரிலேயே, ஒழுங்காக விமானம் ஏறியபோதும் அதை எடுத்துப் போகவில்லை. அது அதிட்டமில்லாத கோட் என்று தாய் சொல்லிவிட்டாராம். பொருட் பதிவில் இல்லாத கோட் ஒன்று ஆய்வுகூடத்தில் இருப்பது ஏன் என்ற கணக்காய்வாளரின் வினாவுக்கு நான் ஓய்வு பெறும்வரை பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் தொடர்ந்து நூறு வீதம் என்ற செய்தி வெள்ளவத்தைக்கு எட்டியது. அதற்குப் பிறகு நடந்ததற்கு எந்தத் தூதரகமும் பொறுப்பல்ல. வெள்ளவத்தைப் பெற்றோர் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஒழுங்கையில் காகிதக் கட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். ரீச்சர் காகிதத்தோடு வந்த பிள்ளைகளையும் சேர்த்தார், காகிதம் இல்லாமல் வந்தவர்களையும் சேர்த்தார். காகிதம் உள்ளவர்களிடம் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பிள்ளை எங்கே என்று கேட்பாராம். வகுப்பறைகள் போதாமல் ஆய்வுகூடமும் வகுப்பறையானது. தலைக்கு இவ்வளவு என்ற நிதியில் ஒரே வருடத்தில் பந்தும் வாங்கினார்கள், பம்பும் வாங்கினார்கள். இணைப்புச் சுற்றுநிருபம் இனி அந்தப் பாடசாலையைத் தொட முடியாது. வலப்பக்கக் கோப்பை நானே நூல் கட்டிப் பழைய கோப்பறைக்கு அனுப்பினேன்.

நிரம்பிய பாடசாலையின் முதலாவது பெரிய வகுப்பு ஓ.எல். எழுதியது. கெட்டிக்காரரும் இருந்தார்கள், சுமாரானவர்களும் இருந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவர்களும் இருந்தார்கள். பெறுபேறு எல்லாப் பாடசாலைகளையும் போல வந்தது.

பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். போனபோது சுவருக்கு முன்னால் பென்சிலோடு நின்றார். உச்சியைத் தொட்ட இரண்டு தூண்களுக்குப் பக்கத்தில் புதிய தூண் பாதி உயரத்தில் நின்றுவிட்டது. நிறம் தீட்ட அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்பது போன்ற குரலில், அந்தப் பாடசாலைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

“பிள்ளைகள் வந்துவிட்டார்கள், சேர்” என்றேன்.

அவர் தூணைப் பார்த்தார். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்த பரீட்சார்த்திகளின் தொகையைப் பார்த்தார். முந்தைய இரண்டு தூண்களின் கீழும் 'ஒன்று', 'ஒன்று' என்று எழுதியிருந்ததை அன்றுதான் வாசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு நீலப் பென்சிலை எடுத்து, அந்தப் பாதித் தூணை அடியிலிருந்து நிதானமாகத் தீட்டத் தொடங்கினார். தொலைபேசி மணி அடித்தது. எடுக்கவில்லை.

தீட்டி முடித்து, எட்டி நின்று பார்த்துவிட்டு, “நல்லது” என்றார், தமிழில்.